ஹபீபாவுக்காகப் பாக்தாத்துக்குப் போன கடிதங்கள்

எண்பதாம் வருஷம் செப்டம்பரில் ஈரானும் ஈராக்கும் மோதிக்கொண்டபோது, பம்பாய் தாராவியில் துணி தைத்துக்கொண்டிருந்த ஹபீபாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கணவன் நாகூர் மீரான் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரன். பஸ்ராவுக்குப் போகும் ஆற்றில் அந்தக் கப்பல் நடுவே மாட்டிக்கொண்டது. இரண்டு கரையிலிருந்தும் குண்டு. கம்பெனி ஆபீஸில் போய் நின்றால், "தகவல் வரட்டும்" என்பதே பதில்.

மாட்டுங்காவில் ராஜலக்ஷ்மி மாமிக்கு அவள்தான் ரவிக்கை தைப்பாள். அந்தத் தடவை இரண்டு கைகளையும் ஒரே பக்கத்துக்கு வெட்டி வைத்திருந்தாள்.

"உனக்கு இப்படி ஆகாதே. என்னடி ஆச்சு?"

கேட்டதுதான் தாமதம், ஹபீபா உடைந்துபோனாள்.

மாமியின் கணவர் வேங்கடசுப்ரமணியன் கடற்படையில் கமாண்டர். உள்ளேயிருந்து வந்து கப்பலின் பேரைக் கேட்டார். "பாக்தாத் தூதரகத்துல நம்பிராஜன்னு என்கூடப் படிச்சவன் இருக்கான். எழுதிப் பாக்கறேன்."

பாக்தாத்துக்கு விமானம் நின்றுபோயிருந்தது. கடிதம் சுற்றுவழியாகப் போய்ச் சேர்ந்து, பதிலும் அப்படியே வந்தது. கப்பல் எரிந்துவிட்டது, ஆட்கள் கரையேறி ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள், காகிதமெல்லாம் கப்பலோடு போயிற்று, இன்னார் என்று காட்ட ஒரு போட்டோ வேண்டும்.

ஹபீபா கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்தாள். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"இதை அனுப்பிட்டா உனக்கு?" என்று கேட்ட கமாண்டர், தாமே ஸ்டூடியோவுக்குப் போய்ப் பிரதி எடுத்து அனுப்பினார்.

அடுத்து வந்த கடிதத்தில் மேல்பாதி இங்கிலீஷ், கீழ்ப்பாதி தமிழ். "மேல எனக்கு. கீழ உனக்கு" என்று சொல்லி கமாண்டர் வாசித்தார்:

"ஹபீபா, நல்லா இருக்கேன். காது மட்டும் கொஞ்சம் மந்தம். இங்க எல்லாருக்கும் நாந்தான் சோறு ஆக்குதேன். நான் சொல்லச் சொல்ல இந்த சார் எழுதுதாவ. மிஷினை வித்துப்புடாத. வந்துருவேன்."

கமாண்டர் வாயில் 'ஆக்குதேன்' என்று கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஜனவரியில் நாகூர் மீரான் இளைத்துக் கறுத்து வந்திறங்கினான். மறுநாளே இருவரும் மாட்டுங்காவுக்குப் போனார்கள்.

"நான் என்ன பண்ணேன்? ஸ்டாம்ப் ஒட்டினேன், அவ்வளவுதான்" என்றார் கமாண்டர்.

"அப்பிடிச் சொல்லாதிய சார்" என்றான் நாகூர் மீரான். "அந்த ஐயா குண்டு விழுத ரோட்டுல ஜீப்ப ஓட்டிக்கிட்டு வந்தாவ. எங்ககூடத் தரையில உக்காந்து கஞ்சி குடிச்சாவ. பெத்தவன்கூட யோசிப்பான்."

நம்பிராஜனுக்கு ஒரு சட்டை தைக்க ஹபீபா ஆசைப்பட்டாள். அளவு? "என் உயரம்தான், ஆனா ஒல்லி" என்றார் கமாண்டர். அவரையே நிறுத்தி அளந்து, உத்தேசமாகக் குறைத்துத் தைத்தாள். சட்டை பாக்தாத்துக்குப் போனது. கை கொஞ்சம் நீளமாம், மடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறாராம்.

அந்த மனிதரை அவள் கடைசிவரை பார்க்கவில்லை. ஆனால் தொழுது முடித்துக் கையேந்தும்போதெல்லாம், தன் பிள்ளைகளின் பேர்களோடு அவர் பேரையும் சொன்னாள்.