ஐஸ் பெட்டிக்கு ஐந்து நட்சத்திரம்

என் வீட்டுக்காரர் புதுக்கோட்டையில் ஒரு ஹோட்டல் மாடியில் நடந்த பயிற்சிக்குப் போகும்போது சாதாரண மனுஷராகத்தான் போனார். திரும்பி வரும்போது கழுத்தில் பட்டை போட்ட அடையாள அட்டை தொங்கியது. கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீடு வரைக்கும் அதைக் கழற்றாமலே நடந்து வந்திருக்கிறார். அன்றைக்குக் குழம்பில் உப்பு குறைச்சல். வழக்கமாக அதைச் சொல்லித் தட்டைத் தள்ளுகிறவர், "ஒரு சின்ன ஃபீட்பேக்" என்று ஆரம்பித்தார். 

எங்களுடையது வாடகைக் கடை. பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம், சீரியல் லைட்டு, அதோடு இறந்தவரைக் கிடத்தும் ஐஸ் பெட்டி. காதுகுத்து முதல் கருமாதி வரை சுற்றுவட்டாரத்தில் எங்களுக்குத்தான் போன் வரும். போனை எடுப்பது நான், பந்தல் போடுவது அவர், வேன் ஓட்ட ஒரு அண்ணன், ஏற்றி இறக்க நாலு ஆட்கள். சுவரில் மாட்டிய கரும்பலகையில் எந்தச் சாமான் எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதிப் போடுவேன். இத்தனை வருஷமும் அதிலேதான் ஓடியது. ஒரு கல்யாணமும் பந்தல் இல்லாமல் நின்றதில்லை.

பயிற்சி கொடுத்தவர் ஒரு பிசினஸ் கோச்சாம். தொழிலுக்குள்ளே கிடந்து உழலக் கூடாது, தொழிலுக்கு மேலே நின்று பார்க்க வேண்டும் என்று சொன்னாராம். எல்லோரும் மேலே நின்றுகொண்டால் பந்தல் காலை யார் ஊன்றுவது என்று கேட்டேன். கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டார். சரி, அந்தக் கோச் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டேன். இந்தப் பயிற்சிதான் அவருடைய தொழில் என்றார், கொஞ்சம்கூட சிரிக்காமல்.

முதலில் வந்தது காலைக் கூட்டம். கடை திறந்ததும் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். நேற்றைய வெற்றியை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்ட வேண்டும். வேன் ஓட்டும் அண்ணன் தலையைச் சொறிந்துவிட்டு, நேற்று வடகாட்டில் ஒரு சாவு, கொத்தமங்கலத்தில் ஒரு சாவு என்றார். வீட்டுக்காரர் கைதட்டினார். முதலாளி தட்டினால் தட்டாமல் இருக்க முடியுமா, எல்லோரும் தட்டினோம். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

அடுத்து வந்தது மென்பொருள். போனிலேயே எல்லாம் நடக்கும். ஆர்டர், ஆள், வேன், கிடங்கில் இருக்கும் கரண்டி வரைக்கும் அதில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஒரு நாற்காலிகூட வெளியே போகக் கூடாது. சுவரில் கரும்பலகை இருந்த இடத்தில் டிவி வந்தது. அதில் கலர் கலராக வட்டங்கள் சுற்றும், வாடிக்கையாளர் போடும் நட்சத்திரங்கள் மின்னும். கரும்பலகையைக் கழுவி, மிளகாய் காயப்போட எடுத்துக்கொண்டேன். அதற்காவது ஆயிற்று.

ஒவ்வொரு ஆர்டருக்கும் அது என்ன விழா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கல்யாணம் இருந்தது, பிறந்தநாள் இருந்தது, கம்பெனி ஆண்டு விழாகூட இருந்தது. சாவு மட்டும் இல்லை. அதைச் செய்தவர்கள் ஊரில் யாருமே சாவதில்லை போலிருக்கிறது. வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "இல்ல விழா"வில் போடச் சொன்னார். பெட்டி திரும்பி வந்ததும் ஒரு பொத்தானைத் தட்டினால் வாடிக்கையாளருக்குத் தானாகவே ஒரு செய்தி போகும், அப்படிப் போனால்தான் அவர்கள் மறுபடி நம்மிடம் வருவார்கள் என்றார்.

சாவு வீட்டு வேலைக்கு எங்கள் கடையில் வேறு ஒழுங்கு. அந்தப் போனை எடுத்தால் "வாங்க, சொல்லுங்க" என்று பேசக் கூடாது. எந்த வீடு, கரண்டு இருக்கா, அவ்வளவுதான். வேன் அந்தத் தெருவுக்குள் ஹாரன் அடிக்காது. பெட்டியைத் திருப்பி எடுக்கும்போது "போயிட்டு வாரோம்" என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தூக்கினால் நேரே வேன்தான், திரும்பிப் பார்ப்பதுகூடக் கிடையாது. இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே வீட்டுக்காரர்தான். அவர்தான் இப்போது மறுபடி வரச் சொல்லி எழுதுகிறேன் என்கிறார்.

"என்னங்க, ஐஸ் பெட்டிக்குக்கூடவா ரிப்பீட் கஸ்டமரு?" என்று கேட்டேன்.

"ஆளாப் பாக்காத, குடும்பமாப் பாரு. ஒரு குடும்பத்துல எத்தனை பேரு இருக்காங்க" என்றார்.

கோச்சைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். நல்ல மனுஷனை ஒரே பயிற்சியில் இப்படி ஆக்கிவிட்டார்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சரக்கா உண்டு. ரிட்டயர் ஆனவர். அக்காவும், நாங்கள் சார் என்று கூப்பிடும் அவர் வீட்டுக்காரரும் மட்டும்தான், பிள்ளை இல்லை. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து மனசு விட்டுப் பேச எனக்கு இருந்த ஒரே வீடு அது. சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரை நான் வைவேன், அவர் வீட்டுக்காரரை அவர் வைவார். சார் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் மார்க் போடுவார். அந்த வீட்டில் ஒரு சாயங்காலம் போய் வந்தால் எனக்கு ஒரு வாரம் தாங்கும்.

சார் ஒரு விடியக்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். பெட்டியோடு நானே வேனில் போனேன். கிடத்தும்போது அக்கா என் காதில் ஒன்று கேட்டார், கேட்டபடி செய்தேன். மறுநாள் மத்தியானம் ஆம்பளைகள் சாரைத் தூக்கிக்கொண்டு போனதும் பெட்டியை எடுத்து வந்துவிட்டோம். பெட்டி கடை வாசலில் இறங்கிய கையோடு வீட்டுக்காரர் பொத்தானைத் தட்டிவிட்டார். அக்கா வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் போனுக்கு இந்தச் செய்தி போயிருக்கிறது: உங்கள் இல்ல விழா சிறப்பாக நடந்ததா? உங்கள் அனுபவம் எப்படி இருந்தது? அடுத்த விழாவுக்கும் சேவை செய்ய ஆவலோடு காத்திருக்கிறோம். கடைசியில் இரண்டு கை கூப்பிய படம், ஒரு பலூன்.

டிவியில் அது போனதைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரருக்கும் முகம் செத்துவிட்டது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, அனுப்பினது நாம் இல்லை, சிஸ்டம் என்றார். இருக்கிற துக்கத்தில் அக்கா போனையே பார்த்திருக்க மாட்டார் என்றார். அந்தப் பாழாய்ப்போன பலூனை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கருமாதிக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, அக்கா கண்ணில் படாமல் வந்தேன். அதற்கப்புறம் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? கடைக்குக்கூட அந்த வீட்டைத் தாண்டாமல் பள்ளிவாசல் பக்கமாகச் சுற்றிப் போனேன். இனி அந்த வாசலில் எனக்கு இடமில்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

சிஸ்டத்துக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. பதில் வராத வாடிக்கையாளரை அது விடாது. உங்கள் கருத்தை இன்னும் பகிரவில்லையே என்று அது வாராவாரம் அக்காவைக் கேட்டிருக்கிறது. நிறுத்தச் சொல்லி நான் கத்தினேன். எங்கே அமுக்கினால் நிற்கும் என்று வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. கோச்சுக்குப் போன் போட்டால் அவர் வேறு ஊரில் யாரையோ மேலே நிறுத்திக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலைக் கூட்டத்தில் டிவி மணி அடித்தது. ஐந்து நட்சத்திரம். ஐந்து வந்தால் முதலாளி அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்க வேண்டும், ஆட்கள் கைதட்ட வேண்டும் என்பது பயிற்சியில் சொன்ன விதி. வீட்டுக்காரர் பெயரைக்கூடப் பார்க்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பெட்டி நன்றாகக் குளிர்ந்தது. அவருக்குக் குளிர் ஆகாது, ஃபேனைக்கூட இரண்டுக்கு மேல் வைக்க விடமாட்டார். உள்ளே ஒரு போர்வை போடலாமா என்று கேட்டேன். கடைக்காரப் பெண் மறுபேச்சில்லாமல் போட்டு, காலடியில் மடித்தும் விட்டாள். அதற்கு நன்றி."

தட்டுவதற்குத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. வீட்டுக்காரருக்கு அப்போதுதான் யார் என்று தெரிந்தது.  மீதியை நான்தான் படித்தேன்.

"விழா சிறப்பாக நடந்ததா என்று கேட்டிருந்தீர்கள். நிறையப் பேர் வந்தார்கள். அடுத்த விழாவுக்குக் காத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த வீட்டில் இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன்."

வீட்டுக்காரர் டிவியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பிறகு வெளியே போய் வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஆட்கள் கலைந்தார்கள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா அடுப்படியில் ஒரு கைப்பிடி அரிசியைக் களைந்துகொண்டிருந்தார். எங்களைக் குத்திக்காட்டத்தான் அப்படி எழுதியிருக்கிறார் என்று நினைத்து, காலில் விழாத குறையாகப் பேச ஆரம்பித்தேன். மெசேஜ் அனுப்பியது நாங்கள் இல்லை, அந்தச் சனியன் பிடித்த மிஷின் என்றேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மிஷினுன்னு எனக்குத் தெரியாதா? வந்தவங்க எல்லாரும் அவரு எப்படிப் போனாருன்னுதான் கேட்டாங்க. ஒனக்கு எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. நீ இங்கிட்டு எட்டியே பாக்கல. அந்த மிஷினுதான் வாராவாரம் விடாம கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சரி, கேக்குதேன்னு ஒக்காந்து பதில் எழுதுனேன்."