அண்ணன் பெயர் இருந்த வரி

அழித்தது நான்தான். சாதிக் அண்ணன் இல்லை.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெயர், போன் நம்பர், ரத்த வகை. முதலாளியின் நண்பர்கள் பலரும் அதைத் தங்கள் போனிலேயே திறந்து பார்ப்பார்கள். தெருத் தெருவாக அலைந்து, ஃபாரம் வாங்கி அதை உண்டாக்கியவர் என்னோடு வேலை பார்க்கும் சாதிக் அண்ணன்.

அதில் என் அண்ணன் செந்திலும் இருந்தான். ஓ நெகட்டிவ்.

பைக் விபத்தில் அவன் போய்விட்டான். அவன் போனை அம்மா அணைக்கவே இல்லை. விஷயம் தெரியாத யாராவது ரத்தம் கேட்டுக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள்.

"பேரை எடுத்துடுங்க" என்று முதலாளியிடம் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை... யாரும் இல்லாத நேரத்தில் நானே பெயரையும் நம்பரையும் அழித்தேன். ரத்த வகையை விட்டுவிட்டேன். அது என் ரத்தமும்தானே!

அங்கேதான் கெட்டது. கீழே இருந்த பெயர்களும் நம்பர்களும் ஒரு வரி மேலே ஏறிவிட்டன. ரத்த வகை மட்டும் அசையவில்லை. அவனுக்குக் கீழே இருந்த ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் ரத்தம். நான் கவனிக்கவில்லை.

ஒரு பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் கேட்டார்கள். விளாங்குடிக்காரர் ஒருவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். சோதித்தால் பி பாசிட்டிவ். வேறு ஆள் கிடைக்க இரண்டு மணி நேரம். அந்தப் பெண் பிழைத்தாள். பிழைக்காமல் போயிருந்தால்?

"கடைசியா யாருப்பா கை வச்சது?" என்றார் முதலாளி.

"நாந்தாண்ணே. நேத்து புதுசா அஞ்சு பேரு ஏத்துனேன். மேல எதையும் தொடல" என்றார் சாதிக் அண்ணன்.

"ஒன்னைய நம்பித்தானய்யா குடுத்தேன். இனிமே அதத் தொடாத."

நான் மிஷினுக்குப் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

பழைய நிலைக்குத் திருப்பும் வழி எங்களில் யாருக்கும் தெரியாது. நானே சரி செய்கிறேன் என்றேன். முதலாளி முதுகில் தட்டினார்! நான்கு நாட்கள், ஃபாரம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லோரும் அவரவர் இடத்துக்கு இறங்கினார்கள். ஒரு வரி மட்டும் காலி. ஓ நெகட்டிவ், பெயர் இல்லை.

அந்த வரியைக் காலியாக விட்டாலும் எடுத்தாலும், செந்தில் பெயரை யார் தொட்டது என்ற கேள்வி வரும். அவன் ஃபாரத்தைப் பார்த்துப் பார்த்து, அவன் பெயரையும் நம்பரையும் நானே மறுபடி அடித்தேன்.

மறுநாள் டீ குடிக்கும்போது சாதிக் அண்ணன் கேட்டார், "ஒங்க அண்ணன் பேரு இன்னும் அதுல இருக்கா மாப்ள?"

இருக்கிறது என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? தெரிந்துதான் கேட்டாரா? இப்போது அவர் என் டம்ளரைப் பார்த்தால்கூட எனக்குச் சந்தேகம். முதலாளி என்னைப் புகழ்ந்தால் அதிலும் சந்தேகம்.

நேற்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செந்தில் போன் அடித்தது. அம்மா இந்த முறை சுவரில் சாயவில்லை.

"அவன் வெளிய போயிருக்கான்யா. வந்ததும் சொல்றேன்" என்றாள்.

பிறகு என் தட்டில் சோறு போட்டாள்.