வெள்ளாமை வீட்டில் சோறு தின்னாதவள்

என் கணவருக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல் இருக்கிறது. இரண்டு போகமும் விதைப்பார். அறுவடை முடிந்தால் எங்கள் வீட்டுப் பின்னறையில் நெல் மூட்டைகள் கூரையைத் தொடும். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு நான் சோற்றை விட்டேன். கணவனை விட்டிருந்தால்கூட எங்கள் தெரு இவ்வளவு கதைத்திருக்காது.

கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். ஐம்பதை நெருங்கும்போதுதான் எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பது தெரிந்தது. ஒரு பாடம் முடிவதற்குள் தண்ணீர்ப் போத்தல் காலியாகும். இரவில் உள்ளங்கால் எரியும். கிளினிக்கில் இருந்த டாக்டர் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண், என்னைவிட வயதில் இளையவர். குளிசை எழுதிவிட்டு, பகலில் எவ்வளவு சோறு சாப்பிடுவேன் என்று கேட்டார். கையால் குவித்துக் காட்டினேன்.

"அது மூண்டு பேரின்ட சோறு டீச்சர்" என்றார்.

சோறு, பிட்டு, இடியப்பம், பாண் எல்லாவற்றையும் நன்றாகக் குறைத்து, மீன், முட்டை, கீரை, காய்கறியைக் கூட்டச் சொன்னார். விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி, சாப்பிடுவதற்கு முன்னும் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்தும் பார்க்கச் சொன்னார். "எந்தச் சாப்பாடு ஏத்துது எண்டு உங்களுக்கே விளங்கும்."

எனக்கு விளங்கிவிட்டது. மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தத்தான் என்னால் முடியவில்லை.

எங்கள் ஊரில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு. வைத்தியம் சொல்லாத வாய் அதைவிடக் குறைவு. ஒருவர் வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார். ஒருவர் வேப்பங்கொழுந்து என்றார். பாவக்காய்ச் சாறு குடித்துத் தன் வருத்தம் முற்றாகச் சுகமாகிவிட்டதாக ஒரு பெண் சந்தைக்குள் என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். கடைசியாக எப்போது சோதித்துப் பார்த்தாய் என்று கேட்டேன். என்னத்துக்குப் பார்க்க வேண்டும், அதுதான் சுகமாகிவிட்டதே என்றாள். ஒரு கால்விரலை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர், கருப்பட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "சீனிதான் கூடாது டீச்சர், இது ஒண்டும் செய்யாது" என்றார்.

என் ராத்தா அடுத்த வளவில் இருக்கிறாள். என் அக்கா என்பதால் என் சமையலறையும் தன்னுடையது என்றே நினைப்பவள். நான் சோற்றை விட்டது தெரிந்ததும் குரக்கன் பிட்டு அவித்து, தேங்காய்ப்பூ போட்டு, சுடச்சுடக் கொண்டுவந்தாள். குரக்கன், அந்தக் கேழ்வரகு, சீனிக்காரருக்கு மருந்தாம். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்தினேன். இருநூற்று நாற்பதுக்கு மேல். ராத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உன்ட மெஷினுக்குத்தான் வருத்தம்" என்று சொல்லிவிட்டுப் பானையை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் விடவில்லை. எல்லாவற்றையும் தின்று பார்த்தேன், எல்லாவற்றுக்கும் குத்திப் பார்த்தேன். சிவப்பரிசிச் சோறு வெள்ளைச் சோற்றைவிடக் கொஞ்சம்தான் நல்ல பிள்ளை. பாண் கெட்ட பிள்ளை. பொரித்த பாரை மீனும் கீரைச் சுண்டலும் கத்தரிக்காயும் தின்ற அன்று எண் அசையவே இல்லை. கரும்பலகையில் எழுத வெண்கட்டி பிடிக்கும் விரல்கள் எல்லாம் ஊசிப் புள்ளிகளாகின. ஆனால் முதல் தடவையாக என் உடம்பு என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மகிழ்ந்து போய்ச் சோற்றை முற்றாக நிறுத்தினேன்.

அதில் ஒரு பிழை விட்டேன். சோற்றை நிறுத்தியவள் குளிசையை அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பின்னம் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது கை நடுங்கியது. வியர்த்துக் கொட்டி, கரும்பலகையில் நான் எழுதிய எண்ணே எனக்குத் தெரியாமல் போனது. அடுத்த வகுப்பு டீச்சர் ஓடி வந்து, சீனி போட்ட தேத்தண்ணியை வாயில் ஊற்றினாள். பையில் இருந்த மெஷினை எடுத்துப் பார்த்தால் எண் ஐம்பதில் நின்றது. டாக்டரிடம் போனபோது நல்ல ஏச்சு விழுந்தது. "சோத்தக் குறைச்சா என்னட்டச் சொல்லோணும். மருந்தையும் குறைக்கோணும். நீங்களே டாக்டரானா நான் எதுக்கு?" குளிசையைப் பாதியாக்கினார்.

அந்த மயக்கம் ஊருக்குப் போதுமாக இருந்தது. சோறு தின்னாததால்தான் டீச்சர் விழுந்தா என்று மாலைக்குள் பரவிவிட்டது. என் கணவர் வயலிலிருந்து வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"மில்லுக்க எல்லாரும் கேக்கிறாங்க, உங்கட பொஞ்சாதி உங்கட நெல்லையே திங்கிறல்லையாமே எண்டு. நான் என்னத்தச் சொல்ற?"

"வருத்தம் எண்டு சொல்லுங்க."

"எங்கட உம்மா வாப்பா எல்லாம் சோறு தின்டுதான் வாழ்ந்த."

"அவங்க வயலுக்கு நடந்து போனாங்க. நீங்க மோட்டார்சைக்கிளில போறீங்க."

அவருக்கு வேறாகச் சோறும் எனக்கு வேறாகக் கறியும் சமைக்கத் தொடங்கினேன்.

பிறகு ராத்தாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அந்தத் தட்டைச் சகன் என்போம். நெய்ச்சோறு மலையாக இருந்தது. நான் என் பக்கத்துச் சோற்றைத் தொடாமல் இறைச்சியையும் கோழியையும் எடுத்தேன். எதிரே இருந்த மாமி ஒருவர் மற்றவர்களைப் பார்த்து, "டீச்சர் நல்ல வருத்தம் ஒண்டு எடுத்திரிக்கா. சோறு எங்களுக்கு, இறைச்சி அவவுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. ராத்தா வட்டிலப்பத் துண்டொன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"இண்டைக்கு ஒரு நாள் தின்டா ஒண்டும் ஆகாதுகா."

கலியாணம், கத்னா, வீடு குடிபுகுதல், ஹஜ்ஜுக்குப் போகிற வீடு, போய் வந்த வீடு என்று எங்கள் ஊரில் வாராவாரம் இந்த 'இண்டைக்கு ஒரு நாள்' வந்துகொண்டே இருக்கும். துண்டைத் திருப்பி வைத்தேன். ராத்தாவின் முகம் சுருங்கியது. மகளின் கலியாணத்தில் கூடப்பிறந்தவள் இனிப்புத் தின்னவில்லை என்று அவள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கதிரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். "அந்த மெஷினக் கொண்டுவா. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எனக்கும் கூடுதலாக் காட்டினா அது பொய் எண்டு நீ ஒத்துக்கொள்ளோணும்."

குத்தினேன். முன்னூற்றைத் தாண்டியது.

அவர் எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து மற்றக் கையை நீட்டினார். அதுவும் அப்படியே. கலியாணச் சாப்பாடு என்றார். விடிய வெறும் வயிற்றில் குத்தினோம். அதுவும் நன்றாகக் கூடுதலாகத்தான் இருந்தது. மெஷினை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

கிளினிக்குக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். விதைப்பு முடியட்டும் என்றார். விதைத்தார். மருந்தடிப்பு முடியட்டும் என்றார். அதற்கிடையில் வரம்பில் எதுவோ கீறி அவர் பாதத்தில் சிறிய காயம் வந்தது. வாரங்கள் போயும் ஆறவில்லை. ஒரு நாள் அசர் தொழுதுவிட்டு வந்து செருப்பைக் கழற்றியபோது காயத்தின் ஓரம் கறுத்திருந்ததைக் கண்டேன்.

"நான் சோறு தின்னாம இரிக்கிறது உங்கட வெள்ளாமையோட கோவத்தில இல்ல" என்றேன். "கால் ரெண்டோடயும் கடைசி வரைக்கும் நடக்கோணும் எண்டுதான். உங்கட காலும் எனக்கு வேணும்."

அடுத்த நாள் கிளினிக் வரிசையில் அவர் எனக்கு முன்னால் போய் நின்றார்.

காயம் மெல்ல மெல்ல ஆறியது, அல்ஹம்துலில்லாஹ். அவருக்கும் குளிசை கிடைத்தது, சோறு குறைந்தது. என் மூன்று மாதச் சீனிச் சராசரி இறங்கியதில் டாக்டருக்குச் சந்தோசம். அவருடையது என்னுடையதைவிட வேகமாக இறங்கியது. அங்கேதான் என் புதிய தொல்லை தொடங்கியது.

இப்போது மில்லில் அரிசி விற்றுக்கொண்டே வாங்குகிறவர்களுக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார். பள்ளிவாசல் வாசலில் பாணின் கேடு பற்றிக் கதைக்கிறார். கொழும்பில் இருக்கும் எங்கள் மகள் தொலைபேசி எடுத்தால் சலாமுக்கு அடுத்து அவர் கேட்கும் கேள்வி, "என்ன தின்ட?" என்பதுதான். எனக்கு மெஷின் பிடிக்கத் தெரியாது என்பது அவருடைய புதிய கண்டுபிடிப்பு.

போன கிழமை சூரை மீன் ஆணம் வைத்தேன். அந்தக் குழம்புக்கு ஒரு அகப்பைச் சோறு இல்லாவிட்டால் மனம் கேட்காது. டாக்டரே அனுமதித்த அளவு. போட்டுக் குழைத்தேன். அவர் தன் கீரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அது எவ்வளவு ஏத்தும் எண்டு தெரியுமா?"

"தெரியும். உங்களுக்கு முன்னமே தெரியும்."

"அப்ப ரெண்டு மணித்தியாலத்தில பாப்பம்" என்று கைத்தொலைபேசியில் அலாரம் வைத்தார்.

அலாரம் அடித்தபோது நான் வேண்டுமென்றே குளியலறைக்குள் இருந்தேன். அவர் வெளியே மெஷினோடு நின்று கதவைத் தட்டினார். நான் வாளித் தண்ணீரை மெதுவாக, மிக மெதுவாக, அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன்.