அண்ணன் படத்துக்கு முன் ஒரு பால் மாவு டின்

இன்று மலேசியாவில் எங்கள் லூனாஸ் ஊர்க் கடையில் அண்ணி ஒரு பால் மாவு டின்னை எடுத்துக் கூடையில் வைத்தார்.

நாளை அண்ணனுக்கு வருஷத் திதி. அவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். சர்க்கரை நோயைக் குறைக்கும் என்று நம்பி அவர் தினமும் குடித்தது இதைத்தான். அவர் திடீரென்று இறந்த அன்று, வீட்டிலிருந்த டின்னைப் போலீஸ் சோதனைக்கு எடுத்துப்போனது. முடிவு இன்னும் வரவில்லை.

"அண்ணி, இது வேணாம் லா."

"இதுலதான் கோளாறுன்னு யாரு சொன்னா தம்பி? உங்கண்ணன் ஆசையா குடிச்சது."

கடைக்காரர், "இப்ப இதுதான் நல்லா ஓடுது லா" என்றார்.

வெளியே வந்து போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டேன். "சபார் லா, பொறுங்க, லேப்ல இருந்து இன்னும் வரல" என்றார்கள்.

பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

டின் இப்போது அண்ணன் படத்துக்கு முன் இருக்கிறது. நாளை கலக்கிப் படைப்பதா, மூடியபடியே வைப்பதா? லேப் சொல்லாததை நீங்களாவது சொல்லுங்கள்.