இரண்டு தடவை உப்பு விழுந்த சாம்பார்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நின்றதில் வாத்தியாருக்கு வருத்தமில்லை. நிம்மதியாக மூச்சு விட்டார் என்றுதான் கேள்வி. எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அப்புத்தளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கிடைத்தது: திருவிழா அன்னதானத்துக்கு உப்புப் போடுகிறவன்.

சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். அம்மனுக்குப் படைக்கும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. நாலு லயத்து வரிசை வீடுகளின் சனமும் சாப்பிடுகிற சாம்பாருக்குக் கையை நம்பித்தான் உப்பு. இருபது வருஷம் என் கை. வீட்டில் ஒரு முட்டைக்கு உப்புப் போடக்கூட என்னை நம்பாதவள் என் மனைவி.

போன வருஷம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் சமையலை நாங்களே பார்க்கிறோம் என்று கேட்டார்கள். கோயில் தலைவருக்கு அரை மனசு.

"இந்த ஒரு வருஷம் பாப்போம். சாப்பாட்டுல கொற வந்திச்சுன்னா, அடுத்த வருஷம் நீங்க கோலம் போட்டா போதும்."

அவர்களுக்குத் தலைவி, பதுளையில் துணிக்கடையில் வேலை செய்கிற இருபத்து மூன்று வயதுப் பெண். பட்டம் பறிபோன நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கோயில் சுவரில் சாய்ந்திருந்தேன். அவள் கத்தியோடு வந்தாள்.

"தாத்தா, பூசணிக்கா வெட்டித் தர்றீங்களா?"

"தாத்தாவா? எனக்கு இன்னும் பாதிப் பல்லு இருக்கு புள்ள. மாமான்னு சொல்லு."

"மீதிப் பாதி எங்க மாமா?"

சிரித்துவிட்டேன். பத்து மணிக்குள் ஐந்து பூசணிக்காயும், அவளுடைய கடை முதலாளியைப் பற்றிய முழுக் கதையும் முடிந்தன.

பிறகு அவள் கறிவேப்பிலை பறிக்கப் போனாள். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உப்புப் பை. எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. மூளை வேலை செய்யாத நேரத்தில் கை வேலை செய்துவிட்டது. அவள் திரும்பி வந்தபோது விரலில் ஒட்டியதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உப்புப் போட்டுட்டேன் புள்ள. நீ மறந்துட்டியோன்னு."

அவள் முகம் வெளுத்தது. "நான் அப்பவே அளந்து போட்டுட்டேனே மாமா! எத்தன கை?"

"மூணு."

என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். "இது கையா, மம்பட்டியா?"

படைக்க ஒரு மணி நேரம்தான் இருந்தது. எவ்வளவு கரிக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை. அவள் அழவில்லை. பாதிச் சாம்பாரை இன்னொரு அண்டாவுக்கு மாற்றச் சொன்னாள். உப்பில்லாமல் பருப்பும் பூசணியும் வேகவைத்து இரண்டிலும் ஊற்றலாம் என்றாள். நான் விறகுக்கு வைத்திருந்த தேயிலை மிலாறுக் குச்சிக் கட்டை அவிழ்த்து அடுப்பில் சொருகினேன். ஊதி ஊதிக் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகிவிட்டன. அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்தார்.

"என்னம்மா ரெண்டாவது அண்டா?"

"கூட்டம் கூடுதலா வரும்போல இருக்குங்க தலைவரே."

என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். அம்மன் வாசலில் எனக்காக ஒரு பொய். வாயைத் திறக்காமல் இருந்தால் நான் தப்பிவிடுவேன். சாம்பார் கரித்தால் பழி முழுவதும் அந்தப் பிள்ளைகள் தலையில். வாயாடி என்று ஊரெல்லாம் பெயர் வாங்கிய நான், அடுப்பை விட்டு எழுந்தேன்.

"இல்லீங்க தலைவரே," என்றேன் ஒருவழியாக. "புள்ள சரியாத்தான் செஞ்சிச்சு. நாந்தான் கேக்காம ரெண்டாந்தரம் உப்ப அள்ளிக் கொட்டிட்டேன். கெட்டா என்னைய ஏசுங்க."

"இருவது வருசமா போட்ட ஆளு, நீயே இப்பிடியா?"

"அதுதாங்க வெனை. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

ஒருவரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் சிரிப்பு வராமல் போன ஒரே பகிடி அதுதான்.

பூசை முடிந்தது. முதல் இலையில் தலைவர் உட்கார்ந்தார். அவள் அகப்பையை இறுக்கிப் பிடித்து நின்றாள். ஒரு வாய் மென்றார். இன்னொரு வாய்.

"உப்பு கொஞ்சம் பத்தல," என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆனா ருசியா இருக்கு. இன்னும் ஊத்தும்மா."

நான் உப்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு இலை இலையாக ஓடினேன். "உப்பு வேணுங்களா, உப்பு?" கேட்டவர்களுக்கும் வைத்தேன், கேட்காதவர்களுக்கும் வைத்தேன்.

இந்த வருஷமும் சமையல் பிள்ளைகளுக்கே என்று கூட்டத்தில் முடிவானது. அவள் எழுந்து, வாலிபர் சங்கத்தில் என்னையும் சேர்க்க வேண்டும் என்றாள். எனக்கு வயது அறுபத்து நான்கு. தலைவர் தலையைச் சொறிந்தார், சேர்த்துக்கொண்டார்கள். சங்கத்து நீலச் சட்டை வயிற்றைத் தாண்டி இறங்கவில்லை. ஆனாலும் இந்த வருஷத் திருவிழாச் சமையலுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போனேன். அவள் ஒவ்வொரு கையாக உப்பைப் போட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும், "போதுமா மாமா?" என்று கேட்டாள்.

"போதும் புள்ள," என்றேன். அதற்குப் பிறகுதான் உப்புப் பையைக் கட்டினாள்.