கிழக்கு எல்லை

அயர்லாந்தில் ஒரு கடற்கரை ஊரில் என் மகள் வீடு வாங்கப்போகிறாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடலாம். பத்திரம் பார்க்க ஒரு வக்கீல், சுவரைத் தட்டிப் பார்த்து அறிக்கை கொடுக்க ஒரு பொறியாளர் என்று எல்லாம் முறையாக நடக்கிறது.

“எல்லாம் கரீட்டா கீதும்மா. இன்னும் இன்னா யோசிக்கிறே?” என்று போனில் கேட்டாள்.

கடல் பக்கத்து எல்லையை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் வாசித்துக் காட்டச் சொன்னேன். முப்பது வருஷம் பதிவு அலுவலகத்தில் இருந்தவளின் வியாதி என்று நினைத்திருப்பாள். வியாதி அதற்கும் முந்தியது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கொருக்குப்பேட்டை ரயில்வே யார்டில் மூட்டை தூக்கிய அப்பா, திருவொற்றியூர்க் கரையில் ஓர் ஓட்டு வீட்டைப் பார்த்துவைத்திருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. விற்பவர் பழைய பத்திரத்தைக் கொடுத்து, படிக்கத் தெரிந்தவரை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் நான்தான்.

வீட்டு நடுவில் நின்று நான் படிக்க, அப்பா ஒவ்வொரு திசையாகத் திரும்பிச் சரிபார்த்தார். வடக்கே பக்கத்து வீடு, தெற்கே சந்து, மேற்கே சாலை. மூன்றும் இருந்தன. கிழக்கே தெரு, தெருவுக்கு அப்பால் தென்னந்தோப்பு, தோப்புக்கு அப்பால் கடல் என்று எழுதியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தெருவும் இல்லை, தோப்பும் இல்லை. பின்வாசலிலிருந்து இருபது எட்டு வைத்தால் அலை அடித்துக்கொண்டிருந்தது. எழுதியவர் தப்பாக எழுதிவிட்டார் என்று முடிவுசெய்தேன். சொன்னால் அப்பா வீடே வேண்டாம் என்றுவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. அலையில் நின்றபடி பல் துலக்குவது வரை நான் திட்டம் போட்டாயிற்று.

“கிழக்கே கடல்” என்று படித்தேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான் நைனா.”

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை சமையலறைச் சுவர் கடலுக்குள் சாய்ந்தது. வாரம் முடிவதற்குள் மற்றதும் போனது. அம்மா ஓடுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே இருந்தாள், எதன்மேல் போடுவதற்கு என்று தெரியாமல்.

நிவாரணம் கேட்க அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனார். வாசலில் இருந்த மனு எழுதுபவர் பத்திரத்தை உரக்க வாசித்தார். தோப்பு வந்ததும் நிறுத்தினார்.

“இன்னாபா, தெருவும் தோப்பும் எங்க போச்சுன்னு வாங்கசொல்லோ கேக்கலியா? படிச்சவங்க யாரும் கூட இல்லியா?”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரிடம், “யாரும் இல்ல சார். நானாதான் பாத்து வாங்கினேன்” என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. எழுத்துக்கூட்டாமல் முழுப் பத்திரத்தையும் படித்தவள் பக்கத்திலேயே நிற்கிறேன், யாருமில்லை என்கிறாரே. எர்ணாவூரில் நாங்கள் ஒண்டியிருந்த சித்தி வீடு வரை நடந்தோம். வழியெல்லாம் அவர் கையை நீட்டிக்கொண்டே வந்தார். நான் பிடிக்கவே இல்லை.