எருக்குழியைத் தோண்டிய சனிக்கிழமை

காலை மணி ஏழு இருபது. சமையலறை ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது, செம்பருத்தி வேலிக்குக் கீழே நகர்ந்துகொண்டிருந்த மூன்று ஜோடி பூட்ஸும் ஒரு ஜோடி போலீஸ் செருப்பும். வேலி உயரம் என்பதால் ஆட்களின் முகம் தெரியவில்லை. கால்கள் மட்டும் வரிசையாக வந்து எங்கள் கேட்டருகே நின்றன.

ஃபிஜியில் இரண்டாவது ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததற்கு அடுத்த வருடம் அது. நாந்தி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நமாகாவில் குடியிருந்தோம். எனக்கு விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை. எங்கள் தெருவில் அதற்குள் ஆறு இந்தியக் குடும்பங்கள் வெளிநாடு போயிருந்தன. நாங்களும் நியூசிலாந்துக்கு மனுப் போட்டிருந்தோம். பாக்கி இருந்தது போலீஸ் நற்சான்று ஒன்றுதான். என் மேல் எந்த விசாரணையும் இல்லை என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். அந்த மாத முடிவுக்குள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் மனு செல்லாது.

ஆயுதம் தேடி வீடு வீடாகச் சோதனை நடந்துகொண்டிருந்த நேரம். எனவே அவர்கள் வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆச்சரியம், மூன்று சிப்பாய்களோடு வந்த போலீஸ் சார்ஜென்ட் கேட்ட கேள்விதான்.

"பின்னால குழி எங்க இருக்கு?"

வீட்டுக்குள் அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

குழி என்றால் எருக்குழி. என் மனைவி தொடங்கியது. மழை பெய்தால் எங்கள் தெருமுனை ஓடை, பிளாஸ்டிக் பைகளால் அடைத்துக்கொண்டு வாசல்வரை வரும். ஒரு நாள் அந்தத் தண்ணீரில் நின்றபடியே, இனி நம் வீட்டிலிருந்து ஒரு பையும் வெளியே போகக்கூடாது என்று அவள் முடிவெடுத்தாள். பருப்பும் மாவும் துணிப்பையில் வந்தன. எண்ணெய்க்கு வீட்டிலிருந்தே பாட்டில் போனது. டப்பாவில் அடைத்த மீனை நிறுத்தினோம். தோல், தேயிலை, தேங்காய்த் துருவல், இலைதழை எல்லாம் குழிக்குப் போய், எட்டு மாதத்தில் கறுப்பு மண்ணாகிக் கத்தரிச் செடிக்கு வந்தன. வாசலில் இருந்த குப்பை டிரம்மைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

இதில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு. அவர் பூர்வகுடி ஃபிஜியர், ஓட்டல் ஒன்றில் தோட்ட வேலை. வெட்டிய புல்லைச் சாக்கில் கட்டி, சனிக்கிழமை தோறும் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த குட்டை வேலிமேல் தூக்கி வைப்பார். எங்களோடு இந்தியில்தான் பேசுவார்; என்னை 'பையா', அதாவது அண்ணா, என்பார். குரல் மூன்று வீடு கேட்கும். "பையா, தெனமும் என்னத்தைப் பொதைக்கிறே? அரசாங்கத்தையா?" என்று ஒருமுறை கத்திவிட்டு, தானே சிரித்தார். நானும் சிரித்தேன்.

சார்ஜென்ட் குழியைப் பற்றிக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது அந்த வாக்கியம்தான்.

பின்புறம் கூட்டிப் போனேன். இரண்டு சிப்பாய்கள் மண்வெட்டியால் தோண்ட, மூன்றாமவன் துப்பாக்கியோடு மனைவியின் பக்கத்தில் நின்றான். "நீங்க வாயைத் தொறக்காதீங்க" என்று அவள் தமிழில் முணுமுணுத்தாள். மேலே நேற்றைய வாழைப்பழத் தோல், முட்டை ஓடு. அடுத்து தலோக் கிழங்குத் தோல். அதற்கும் கீழே சூடான, ஆவி வரும் புல். குழியில் நாங்கள் எதையும் ஒளிக்கவில்லை. ஆனால் அது மாதக்கணக்காகத் திறந்து கிடந்தது. வேலி ஓரமாக வருகிற யார் வேண்டுமானாலும் எதையும் போட்டிருக்கலாம். இந்த எண்ணம் வந்த பிறகு, ஒவ்வொரு முறை மண்வெட்டி இறங்கும்போதும் குழிக்குள் குனிந்து பார்த்தேன்.

நிமிர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். கையில் அன்றைய புல் சாக்கு. வேலிக்கு அப்பால் அசையாமல் நின்றார். எப்போதும் கத்துகிறவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மண்வெட்டி எதிலோ பட்டு 'டங்' என்றது.

எல்லோரும் நின்றார்கள். சிப்பாய் குனிந்து, கையால் துழாவி, ஒரு கத்தியை எடுத்தான். மரப்பிடி ஊறிப் பருத்திருந்தது.

"இது என்ன?" என்றார் சார்ஜென்ட்.

என்னை வாய் திறக்கக்கூடாது என்ற என் மனைவி, "வெங்காயம் நறுக்கற கத்தி. தோலோட தோலா போயிருக்கு. ஒரு மாசமா இதைத்தான் தேடிட்டிருக்கேன், குடுங்க" என்று கையை நீட்டினாள்.

துப்பாக்கிச் சிப்பாய் சிரித்துவிட்டான். சார்ஜென்ட் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, கத்தியை அதில் போட்டு, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். குழியை மூடாமல் போனார்கள். முற்றம் முழுக்கக் குப்பை.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வேலியைத் தாண்டி வந்தார். "தள்ளு பையா, நான் மூடறேன்."

"வேண்டாம்" என்றேன். "இதுவரைக்கும் செஞ்ச உதவியே போதும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் "புலா" என்று வணக்கம் சொன்னால் நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அடுத்த சனிக்கிழமை வேலிமேல் சாக்கு வந்தது, நான் தொடவில்லை. அதற்கடுத்த வாரமும் வந்தது. இரண்டும் அங்கேயே மஞ்சளாகிக் கிடந்தன. மூன்றாவது வாரம் சாக்கு வரவில்லை. மனைவி மட்டும், "அவரு அப்படிப்பட்ட ஆளா? கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள். கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றேன். இரவெல்லாம் அந்தக் கத்தியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டில் அது என்ன பெயரில் ஏறியிருக்கிறதோ, நற்சான்றில் அது வருமோ என்று.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது போலீஸ் நிலையத்தில் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த கான்ஸ்டபிள் என் கோப்பைப் பிரித்தார். கத்தியைப் பற்றி ஒரே ஒரு வரி. எதிரே 'சமையல் கத்தி, நடவடிக்கை இல்லை' என்று இருந்தது. மூச்சு வந்தது. அவர் பக்கத்தைத் திருப்பினார். அடியில் ஒரு கடிதம். சில வரிகளின் கீழே சிவப்புக் கோடு.

"உங்க கையெழுத்துதானே பையா?"

என்னுடையதுதான். டிரம்மைத் திருப்பிக் கொடுத்தபோது, குப்பை வண்டி அனுப்பும் அலுவலகத்துக்கு நான் எழுதியது. 'எங்கள் வீட்டில் சேர்வதையெல்லாம் பின்புறத்தில் நாங்களே புதைத்துவிடுகிறோம். இதற்கென ஆறடி நீளம், மூன்றடி அகலம், நான்கடி ஆழத்தில் குழி வெட்டியுள்ளோம். இனி எங்கள் வாசலில் வண்டி நிற்கத் தேவையில்லை. வேறு வீட்டுக்கு அந்த டிரம் பயன்படட்டும்.' எழுதியதையே நான் மறந்திருந்தேன்.

"அளவெல்லாம் சுத்தமா போட்டிருக்கீங்க" என்றார் கான்ஸ்டபிள். "ஆயுதம் தேடற நேரத்துல இப்படி ஒரு கடுதாசி வந்தா எவன் சும்மா இருப்பான்?" முத்திரையைக் குத்தி நற்சான்றைத் தந்தார்.

அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாளை சொல்லலாம் என்றிருந்தேன். விசா வந்தது, டிக்கெட் வந்தது, பெட்டி கட்டினோம். வேலிப் பக்கம் போக மட்டும் கால் வரவில்லை. இன்று ஆக்லாந்தில் ஒவ்வொரு வாரமும் குப்பையை மூன்று விதமாகப் பிரித்து வாசலில் வைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாராட்டும்போதெல்லாம், ஒரு குப்பையும் வெளியே அனுப்பாத அந்த வீட்டிலிருந்து ஒரு நல்ல மனிதரை எவ்வளவு எளிதாகத் தள்ளிவைத்தேன் என்பதுதான் நினைவுக்கு வருகிறது.

நமாகாவை விட்டுக் கிளம்புவதற்கு முன், கடைசியில் ஒரு மாலை போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பற்றி, சந்தேகத்தைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை, சிரிக்கவும் இல்லை.

"அன்னிக்கு நான் வாயைத் தொறந்தா உனக்குத்தான் ஆபத்துன்னு சும்மா நின்னேன்" என்றார். பிறகு, "மூணு மாசமா என் பெண்டாட்டியைக் கேட்டுட்டிருக்கேன் பையா, நான் உனக்கு என்ன தப்பு பண்ணேன்னு."

பக்கத்தில் உட்காரச் சொல்லிப் பாயை நகர்த்திப் போட்டார். எங்கள் விமானத்துக்கு அப்போது ஒன்பது நாட்கள் இருந்தன.